பெயர் மாறிய பிள்ளைகள்



ராமகுப்பம், குப்பம் வட்டாரத்துத் தமிழ் இல்லங்களில் கொரியா என்னும் பெயர் இந்நாளில் அன்னியமாக ஒலிப்பதில்லை. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கைபேசியில் கொரிய நாடகத் தொடர்களைப் பார்க்கிறார்கள். அங்கே தாயை 'ஒம்மா' என்றும் தகப்பனை 'அப்பா' என்றும் அழைப்பதைக் கேட்டு வியந்து, அடுக்களைக்கு ஓடிவந்து சொல்கிறார்கள். நம் இளைஞர்களோ வேறொரு வழியாகக் கொரியாவை அறிவார்கள். பெனுகொண்டாவுக்கு அருகே 2019-ஆம் ஆண்டு முதல் கார்களைச் செய்துவரும் கியா தொழிற்சாலையும், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் இயங்கிவரும் ஹூண்டாய் தொழிற்சாலையும் கொரியர்களுடையவை. பாட்டு, நாடகம், கார் என்ற மூன்றினால் அத்தேசத்தை அளந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆயினும் அங்கே நம் பாட்டனார் வயதினராக இருப்பவர்கள் எத்தகைய பால்யத்தைக் கடந்து வந்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. இம்மாதம் அதைப்பற்றி எழுதக் கருதுகிறோம். சுற்றிவந்து முடிவில் நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும் விஷயம் இது என்பதனால், நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம்.

சரித்திரக் கதை என்றதும் நம் மனத்தில் தோன்றுவன குதிரையும் கோட்டையும் முடிசூட்டு விழாவும்தாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது அதற்காகக் காத்திருந்த தலைமுறையின் வாரிசுகள் நாம். அந்த ருசியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சரித்திரம் அரண்மனையில் மட்டும் நடப்பதன்று. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலும், ரேஷன் கடையின் வரிசையிலும், தாயின் அரிசிப் பானையிலும் அது நடக்கிறது. அங்கே நடப்பதை உள்ளபடி காண்பதற்கு ஒரு குழந்தையின் உயரம் போதும். கொரியப் பிள்ளைகளின் பால்யத்தைக் கருவாகக் கொண்டு சிறுவர்க்கென எழுதப்பட்ட சில சரித்திரக் கதைகள் இந்த உயரத்திலிருந்து எழுதப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் படிக்கும் அக்காள் ஒருத்தி வீட்டில் இருந்தால், படித்துத் தம்பிக்குத் தமிழில் சொல்லலாம்.

முதலில் சரித்திரத்தின் சட்டகத்தைச் சொல்லிவிடுவோம். 1910-ஆம் ஆண்டில் ஜப்பான் கொரியாவைத் தன் சாம்ராஜ்யத்துடன் இணைத்துக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த ஆட்சி நீடித்தது. முதலில் நிலம் போயிற்று. பிறகு மொழி போயிற்று. பள்ளிகளில் கொரிய மொழி படிப்படியாக ஒதுக்கப்பட்டது. கொரிய மொழியின் பெரிய நாளிதழ்கள் இரண்டும் 1940 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில் பெயரைப் பற்றிய ஆணை நடைமுறைக்கு வந்தது. கொரியக் குடும்பங்கள் ஜப்பானிய முறையில் குடும்பப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். காகிதத்தில் அது விருப்பம் என்றே இருந்தது. ஆனால் பெயர் மாற்றாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் தொல்லை, தகப்பனுக்கு உத்தியோகத்தில் தொல்லை என்று நெருக்கியபோது விருப்பத்துக்கு அர்த்தம் ஏது? ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு எண்பது குடும்பங்கள் பெயரை மாற்றிப் பதிந்துவிட்டன.

இந்தச் செய்தியைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிடும். பிள்ளைகளும் பரீட்சை எழுதி மறந்துவிடுவார்கள். லிண்டா சூ பார்க் என்னும் எழுத்தாளர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வென் மை நேம் வாஸ் கியோக்கோ' என்னும் நவீனம் இதே செய்தியை ஒரு வீட்டின் கூடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. சுன்-ஹீ என்னும் பத்து வயதுச் சிறுமியும் அவள் தமையன் தே-யூலும் மாறிமாறிக் கதையைச் சொல்கிறார்கள். குடும்பத்தின் பெயர் 'கிம்'. அச்சொல்லுக்குப் பொன் என்று பொருள். தகப்பனார் யோசித்து, 'கனேயாமா' என்ற ஜப்பானியப் பெயரைத் தேர்ந்துகொள்கிறார். அதற்குப் பொன்மலை என்று பொருள். பழைய பெயரைப் புதிய பெயருக்குள் ஒளித்து வைத்துவிட்டார் அந்த மனிதர். சுன்-ஹீ அன்று முதல் பள்ளியில் கியோக்கோ ஆகிறாள். வீட்டுக்குள் ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று இரண்டு பெண்களாக வாழ அவள் பழக வேண்டியிருக்கிறது.

அதே கதையில் ஒரு மரத்தின் செய்தியும் உண்டு. கொரியர் தம் தேசத்தின் அடையாளமாகப் போற்றும் மலர் ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் பூக்கும் செம்பருத்தியின் நெருங்கிய உறவு அது. அந்த மரங்களை வெட்டி எறிந்துவிட்டு ஜப்பானியச் செர்ரி மரங்களை நடவேண்டும் என்று உத்தரவு வருகிறது. சுன்-ஹீயின் தாய் மற்ற மரங்களை உத்தரவுப்படி வெட்டவிட்டு, சின்னஞ்சிறு கன்று ஒன்றை மட்டும் தொட்டியில் வைத்துக் கொட்டகைக்குள் மறைத்துவிடுகிறாள். அவள் போராட்டம் ஒன்றும் நடத்தவில்லை. உரத்த குரலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு செடிக்கு யாரும் அறியாமல் தண்ணீர் ஊற்றினாள். படிக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்நூலாசிரியர் 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். கொரியாவிலிருந்து அங்கே குடியேறிய பெற்றோரின் மகள். பிள்ளைகள் புதிய தேசத்தில் தடையின்றி முன்னேறவேண்டும் என்று கருதி வீட்டிலும் ஆங்கிலமே பேசிய பெற்றோர் அவர்கள். எனவே தாய்மொழி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஒன்று வாய்த்தது. தாங்கள் சிறுவர்களாக இருந்தபோது நடந்தவற்றைப் பெற்றோர் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த நினைவுகளை விதையாக வைத்துக்கொண்டு, சரித்திர நூல்களைப் படித்து, அவர் இக்கதையை எழுதினார். புலம்பெயர்ந்து வாழும் குடும்பத்தினராகிய நாம் இதை நின்று கவனிக்க வேண்டும். மொழியை இழந்த வீட்டிலும், கதை எஞ்சியிருந்தால், ஒரு தலைமுறை கழித்தேனும் அது முளைக்கிறது.

அவருடைய வேறொரு நூலாகிய 'எ சிங்கிள் ஷார்டு' 2001-இல் வெளிவந்து, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்கு அளிக்கப்படும் நியூபெரி பதக்கத்தை 2002-இல் பெற்றது. அதன் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. களம் குயவர் வாழும் ஒரு கடலோரச் சிற்றூர். பாலத்தின் அடியில், ஊனமுற்ற முதியவர் ஒருவருடைய ஆதரவில் வளரும் அநாதைச் சிறுவன் அதன் நாயகன். அவனுக்குப் பெயர் 'மரச்செவி'. பட்டுப்போன மரத்தில் விதையின்றித் தானாக முளைக்கும் ஒரு காளானின் பெயர் அது. தாய் தகப்பன் தெரியாத பிள்ளைக்குப் பொருந்திய பெயர். தேர்ந்த குயவர் ஒருவரிடம் அவன் கூலியின்றி வேலை செய்கிறான். அவர் செய்த கலயங்களை அரசவை அதிகாரியிடம் காட்டுவதற்குத் தலைநகருக்கு எடுத்துச் செல்கையில் கள்வர்கள் அவற்றை உடைத்துவிடுகிறார்கள். எஞ்சிய ஓர் ஓட்டுச் சில்லை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் நடக்கிறான். அந்த ஒரு சில்லின் மெருகைக் கண்டே அதிகாரி குயவரின் திறனை அறிந்துகொள்கிறார். முடிவில் குயவரின் மனைவி அவனுக்கு ஒரு மனிதப் பெயரை இடுகிறாள். இறந்துபோன தன் மகனின் பெயரோடு ஓர் அசை பொருந்துமாறு அமைத்த பெயர் அது. உடன்பிறந்தார் பெயர்களில் ஓர் அசை ஒன்றாக அமைவது கொரிய மரபு. 'நீ என் மகன்' என்பதை அவள் அந்த ஓர் அசையினாலேயே சொல்லிவிட்டாள்.

ஒரு நூலில் பெயர் பறிக்கப்படுகிறது. மற்றொன்றில் பெயர் வழங்கப்படுகிறது. பெயர் என்பது உடலில் ஒட்டிய சீட்டன்று, ஒரு மனிதன் யாருக்கு உறவு என்று சொல்லும் பத்திரம் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

இனிப் புகைவண்டி உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒரு நூல். சூக் நியூல் சோய் என்பவர் 1937-இல் பியோங்யாங் நகரில் பிறந்தவர். அவர் 1991-இல் வெளியிட்ட 'இயர் ஆஃப் இம்பாசிபிள் குட்பைஸ்' 1945-ஆம் ஆண்டின் கதை. பத்து வயதுச் சூக்கானின் வீட்டு முற்றத்தில் ஜப்பானியப் படைக்காகக் காலுறை பின்னும் பட்டறை நடக்கிறது. அங்கே வேலை செய்யும் இளம் பெண்களை அவளுடைய தாய் தன் மக்களைப்போல் காத்துவருகிறாள். ஆகஸ்டு 15-ஆம் நாள் விடுதலை வருகிறது. நமக்கும் அதே நாளில், இரண்டு ஆண்டுகள் கழித்து விடுதலை வந்தது அல்லவா? அவர்களுக்கு விடுதலையோடு பிரிவினையும் வந்தது, நமக்கும் அவ்வாறே. 38-ஆம் அட்சரேகையில் தேசத்தை இரண்டாக அறுத்து, வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் நின்றன. தெற்கே தப்பிச் செல்லும் வழியில் தாயைப் பிரிந்துவிட்ட சூக்கான், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லையைக் கடக்கிறாள். அந்தக் குழந்தைகளுக்கு வழி காட்டுபவர் ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு முதியவர். உலகத்துப் போர்களில் எல்லாம், எந்தக் கொடியும் பிடிக்காமல், இரவில் ஒரு குழந்தைக்கு வழி சொன்ன இத்தகைய மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைச் சரித்திரப் புத்தகம் அறியாது, கதைதான் அறியும்.

ஆனால் குழந்தையின் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். யோகோ கவாஷிமா வாட்கின்ஸ் என்னும் ஜப்பானியப் பெண்மணி 1986-இல் 'சோ ஃபார் ஃப்ரம் த பாம்பூ குரோவ்' என்ற நூலை எழுதினார். கொரியாவின் வட பகுதியில் அதிகார இனத்தின் குடும்பத்தில் வளர்ந்த பதினொரு வயதுச் சிறுமி, 1945-இல் தாயோடும் தமக்கையோடும் ஜப்பானுக்குத் தப்பி ஓடிய துயரத்தைச் சொல்வது அது. பல அமெரிக்கப் பள்ளிகளில் அதைப் பாடமாக வைத்திருந்தார்கள். 2006-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொரிய வம்சாவளியைச் சேர்ந்த பெற்றோர் சிலர் ஆட்சேபம் எழுப்பினார்கள். 'இந்தச் சிறுமியின் பசி எங்களுக்கும் பசிதான். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகள் பட்டது எங்கே? இதை மட்டும் படிக்கும் மாணவன் கொரியர்களைக் கொடியவர்கள் என்றும் ஜப்பானியர்களை அடைக்கலம் தேடியவர்கள் என்றும் அல்லவா நினைப்பான்?' என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தை நாம் எவ்வாறு தீர்ப்பது? அந்நூலை எரித்துவிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயமன்று. ஓடிய சிறுமியின் துயரம் துயரமே. அவள் எந்தச் சாம்ராஜ்யத்தையும் ஏற்படுத்தியவள் அல்லள். ஆனால் ஒரு ஜன்னல் வழியே மட்டும் பார்த்துவிட்டு ஊரையே பார்த்ததாகச் சொல்லக்கூடாது. யோகோவின் கதையைப் படிக்கும் பிள்ளை சுன்-ஹீயின் கதையையும் படிக்கவேண்டும். இரண்டையும் படித்த பிள்ளைக்குத்தான் சரித்திரம் விளங்கும். குழந்தையின் வாயால் கேட்ட கதையைப் பெரியவர்கள் மறுப்பதில்லை. அதனாலேயே அத்தகைய கதையை எழுதுவோர்க்கும், படிக்கக் கொடுப்போர்க்கும் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

இந்தப் பொறுப்பை நிறைவேற்றிய ஒருவர் கொரியாவிலேயே இருந்தார். க்வோன் ஜோங்-சேங் என்பது அவர் பெயர். 1937-இல் டோக்கியோவில் ஏழைக் கொரியக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பின்னர்த் தாய்நாடு திரும்பி, நோயுற்ற உடலோடு ஒரு கிராமத் தேவாலயத்தில் மணியடிக்கும் வேலை பார்த்தவர். 1984-இல் அவர் வெளியிட்ட 'மோங்-சில் அக்காள்' என்ற கதையைக் கொரியச் சிறுவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாற்றாந் தகப்பனின் கொடுமையால் கால் ஊனமான சிறுமி மோங்-சில். 1950 ஜூன் 25-இல் தொடங்கிய யுத்தத்தின் நடுவே, தாயை இழந்த மாற்றாந்தாய்க் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பிச்சையெடுத்து வளர்க்கிறாள். தெற்கே எழுதப்பட்ட அக்கதையில் வட கொரியப் படையைச் சேர்ந்த ஒரு பெண், அச்சிறுமிக்கு அன்பு காட்டுகிறாள். பகைவரையும் மனிதராகக் காட்டுவது அந்நாளில் அங்கே எளிய காரியமன்று. 2007-இல் காலமான அப்பெரியார், தம் நூல்களால் வந்த செல்வத்தைக் குழந்தைகளுக்கே விட்டுச்சென்றார். வட கொரியக் குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை.

'இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள். நமக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நேயர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு, அதுவும் தண்டவாளத்தின் வழியே உண்டு.

1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையை அமைத்தார்கள். சுமார் 60,000 யுத்தக் கைதிகளும், மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர் உள்ளிட்ட ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளரும் அங்கே கொண்டுபோகப்பட்டனர். கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளருக்கோ பெரும்பாலும் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்ற நாவலும் அந்தக் குறையைக் கொஞ்சம் போக்கின. அவை பெரியவர்களுக்கான நூல்கள். தகப்பன் திரும்பாத தோட்டத்து லயத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் கதை நம் சிறுவர் அலமாரியிலும் இருக்கவேண்டும்.

அந்தக் காட்டு முகாம்களில் கைதிகளைக் காவல் காத்தவர்களுள் பலர் யார் தெரியுமா? கொரிய இளைஞர்கள். 1942-இல் ஏறத்தாழ 3,000 பேர் இந்த வேலைக்காகத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தம் வீட்டில் பெயர் பறிகொடுத்தவர்கள், இங்கே ஜப்பானியப் பெயரோடு, பிறரை அடிக்கும் தடியைப் பிடித்து நின்றார்கள். யுத்தம் முடிந்தபின் நேசநாடுகளின் நீதிமன்றங்கள் அவர்களை ஜப்பானியக் குடிகளாகவே வைத்து விசாரித்தன. 148 கொரியர்கள் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 23 பேர் தூக்கிலும் துப்பாக்கிக்கும் பலியாயினர். சுன்-ஹீயின் தமையனும் ஜப்பானியப் படையில் சேர்ந்தவனே என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே யுத்தம் ஒரு வீட்டுப் பிள்ளையை இரைக்கும் வேட்டை நாய்க்கும் நடுவே எவ்வாறு நிறுத்திவிடுகிறது என்பது தெரியும். கொரியச் சிறுவனின் கதையும் மலாயாத் தமிழ்ச் சிறுவனின் கதையும் அந்தக் காட்டில் சந்திக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் குழந்தை எந்த இனத்தையும் மொத்தமாக வெறுக்காது.

இன்னொரு சந்திப்பு மகிழ்ச்சியானது. கொரிய யுத்தத்தின்போது இந்தியா அங்கே துப்பாக்கிப் படையை அனுப்பவில்லை. 60-ஆவது பாரசூட் கள மருத்துவப் பிரிவை 1950 நவம்பரில் அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரின் தொடக்கத்திலேயே ஆற்காட்டைச் சுமந்து சென்றவர். குப்பம் பகுதியும் 1911-இல் சித்தூர் ஜில்லா பிறப்பதற்கு முன் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்ததே என்பதனால், அந்தப் பெயரில் நமக்கும் ஒரு சிறு பாத்தியதை உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் பியோங்யாங்கை விட்டு எல்லாப் படைகளும் பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களை ஏற்றிச்செல்லப் போதிய வாகனம் கிடைக்கவில்லை. சாமான்களைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினைக் கண்டார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த இருவர் ஓட்டினார்கள். ஆற்றுப்பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னர் அந்த வண்டி அதைக் கடந்தது. அவ்வாறு காப்பாற்றப்பட்ட மருந்துகளும் கருவிகளும் பின்னர்ப் போர்வீரர்களுக்கு மட்டுமின்றி ஊர்மக்களுக்கும் பயன்பட்டன. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. வாளி வரிசையில் நின்றவர்களை ஒரு கொரியச் சிறுவன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று வைத்துக்கொண்டு ஒரு கதை தொடங்கினால், அது எங்கெல்லாம் போகும்! எழுதத் தெரிந்த நேயர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இப்போது நம் வாசலுக்கு வந்துவிட்டோம். ராமகுப்பத்தில் பிறந்து வீட்டை விட்டு நகராத ஒரு பாட்டனார், சென்னை மாகாணத்தில் பிறந்து, 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்தவராகி, 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்தவரானார். 1960 ஏப்ரலில் திருத்தணி பக்கத்து ஊர்கள் சென்னை மாநிலத்துக்கு மாறியபோது, சில குடும்பங்களில் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தம்பி ஒரு மாநிலத்திலும் ஆனார்கள். பின்னர்ப் பிழைப்பைத் தேடி இங்கே வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்களின் கதை வேறு. எல்லை நகர்ந்து வந்தவர்களும் உண்டு. எல்லையைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. இருசாரார் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள்.

அந்தப் பள்ளியில் நம் பிள்ளைகளின் பெயர் மாறுகிறது. தெலுங்கில் இக்காலத்தில் ழகர எழுத்து இல்லை. ஆகவே கனிமொழி 'கனிமொளி' ஆகிறாள். தெலுங்கரின் மரபில் பெயருக்கு முன்னே வீட்டுப்பெயர் வரும்; நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டுமே. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக நிற்கக்கூடாது என்பதற்காக ஊரின் பெயரோ பாட்டன் பெயரோ அதில் ஏறிவிடுகிறது. நாம் உத்தியோகம் பார்க்கும் இலாகாவிலும் கட்டம் சிறியதாக இருந்தால் நீண்ட பெயரின் வால் அறுந்துதான் போகும்.

இதைக் கொரியாவில் நடந்ததோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இங்கே நம் பெயரை யாரும் பறிக்கவில்லை. தம் எழுத்தில் எழுதக்கூடிய அளவுக்கு எழுதிக்கொள்ளும் ஆசிரியர் நம் விரோதி அல்லர். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளிலும் ழகரம் இருந்தது என்பார்கள் அறிஞர்கள். அவர்கள் வீட்டிலும் அது ஒருநாள் தொலைந்துபோயிற்று. நம் அண்டை வீட்டார் அக்கறையோடு நம்மை விசாரிக்கிறார்கள். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. குப்பத்தில் 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் இந்த உறவுக்கு ஓர் அடையாளமே. ஆகையால் நம் பிள்ளைகள் தம் பெயரின் பொருளை மறந்தால், அதற்கு ஆணை பிறப்பித்த அரசாங்கம் என்று ஒன்றை நாம் சுட்ட முடியாது. வீட்டில் சொல்லாமல் விட்டதனால்தான் மறந்தார்கள் என்றே ஆகும். கொரியத் தாய் செடியை மறைத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். நாமோ வாசலில் பகிரங்கமாக நிற்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. நாற்பது பக்கத்து நோட்டுப்புத்தகம் ஒன்று போதும். வருகின்ற விடுமுறையில் பிள்ளைகள் தம் பாட்டியிடமோ பாட்டனாரிடமோ அமர்ந்து ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். சிறுவயதில் வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்? பள்ளியில் எப்படிக் கூப்பிட்டார்கள்? இந்த ஊருக்கு வரும்போது எதை எடுத்துவந்தீர்கள், எதை விட்டுவந்தீர்கள்? வழியில் உங்களுக்கு உதவிய, பெயர் தெரியாத மனிதர் யார்? நீங்கள் அஞ்சிய மனிதர் யார், அவர் ஏன் அப்படி இருந்தார்? ஐந்தாவது கேள்வியை விட்டுவிடக்கூடாது. நம் துயரத்தை மட்டும் எழுதினால் அது ஒரு ஜன்னல். அவர் ஏன் அப்படி இருந்தார் என்று கேட்கும்போது இரண்டாவது ஜன்னலும் திறக்கிறது. தெலுங்கு வீட்டுத் தோழனையும் உடன் அழைத்துச் சென்று அவன் பாட்டியிடமும் கேட்டுவரலாம். தமிழில் எழுதத் தடுமாறும் பிள்ளை தெலுங்கு எழுத்திலேனும் எழுதட்டும்; பெரியவர்கள் பிறகு தமிழில் பெயர்த்துக்கொள்ளலாம்.

சொல்லும் தலைமுறை முதிர்ந்துவிட்டது. 1945-இல் பத்து வயதினராக இருந்தவர்கள் இன்று தொண்ணூறு வயதை எட்டியிருப்பார்கள். கொரியாவிலும் அப்படியே, நம் இல்லங்களிலும் அப்படியே. லிண்டா சூ பார்க்கின் பெற்றோர் வாய் திறவாமல் இருந்திருந்தால் சுன்-ஹீ என்ற சிறுமி நமக்குக் கிடைத்திருக்க மாட்டாள். கேட்பதற்குப் பிள்ளைகள் தயாராகவே இருக்கிறார்கள். இல்லாவிட்டால் கைபேசியில் தெரியாத பாஷைத் தொடரை இரவு முழுவதும் பார்ப்பார்களா?

நோட்டுப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை முழுமையாக எழுதுக. அதன் கீழே அப்பெயரை வைத்தவர் யார், எதற்காக வைத்தார், அதன் பொருள் என்ன என்று மூன்று வரி எழுதுக. வால் அறுபடாமலும் எழுத்து மாறாமலும் ஓரிடத்திலாவது அந்தப் பெயர் நிற்கட்டும். எழுதி முடித்தவற்றில் நல்லனவற்றைச் சங்கத்துக்கு அனுப்பினால், இப்பக்கத்திலேயே வெளியிட ஆசிரியர் குழுவை வேண்டிக்கொள்வோம்.